18 மாதம் அழைப்பு வராதவர்கள்: ஐந்து ஊர்த் தற்கொலைத் தடுப்பு ஆய்வும் அதன் அறச் சிக்கல்களும்

அரசு மருத்துவமனை ஒன்றின் விஷமுறிவு வார்டில் மனநல சமூகப் பணியாளராக இருந்தபோது, ஒரு காலை வேளையில் ஒரு பெண்ணுக்கு, ஓர் ஆய்வில் சேர்வதற்கான ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறேன். அவருக்கு இருபத்துச் சொச்சம் வயது. முதல் நாள் இரவு குழாய் விட்டு வயிற்றைக் கழுவியிருந்ததால் குரல் கரகரத்தது. ஒரு கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. தலைமாட்டில் மாமியார், கால்மாட்டில் அண்ணன். நான் எதைக் கேட்டாலும் மாமியாரிடமிருந்தே பதில் வந்தது: "தீராத வயித்துவலிங்க. தெரியாம எடுத்துக் குடிச்சுட்டா." விருப்பம் இருந்தால் மட்டும் சேரலாம், சேராவிட்டாலும் சிகிச்சையில் குறை வராது, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று இரண்டு பக்கத்தையும் படித்து முடித்தேன். அந்தப் பெண் தலையைத் தூக்கி ஒன்றே ஒன்று கேட்டார்.

"இதுல கையெழுத்துப் போட்டா சீக்கிரம் வீட்டுக்கு விட்டுடுவீங்களாக்கா?"

நான் படிவத்தை மடித்து வைத்துவிட்டேன். அன்று கையெழுத்து வாங்கவில்லை. அதற்குப் பல வருடம் கழித்து, ஆய்வுத் திட்டங்கள் அறத்தோடு இருக்கின்றனவா என்று பார்த்து அனுமதி தரும் ஒரு நெறிமுறைக் குழுவில் உறுப்பினராக உட்கார்ந்தபோது, தற்கொலை எண்ணம் உள்ளவர்களைப் பற்றிய ஆய்வுத் திட்டம் எது மேசைக்கு வந்தாலும் அந்தக் கேள்விதான் முதலில் நினைவுக்கு வரும். புதிதாகச் சேரும் உறுப்பினர்களுக்கு இந்தச் சிக்கலை விளக்க நான் எப்போதும் எடுத்துக்கொள்ளும் நிகழ்வு ஒன்று உண்டு. சென்னையும் கொழும்பும் பங்கெடுத்த ஆய்வு அது. நல்ல நோக்கத்தோடு நடந்த, நல்ல பலன் தந்த ஆய்வு. நல்ல ஆய்விலேயே எவ்வளவு சிக்கல் இருக்கிறது என்று பார்ப்பதற்காகத்தான் அதை எடுக்கிறேன்.

நடந்தது என்ன

உலக சுகாதார நிறுவனம் 2002 ஜனவரி முதல் 2005 அக்டோபர் வரை ஐந்து ஊர்களில் தற்கொலைக்கு முயன்று அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்களைச் சேர்த்தது. பிரேசிலில் கம்பினாஸ், இந்தியாவில் சென்னை, இலங்கையில் கொழும்பு, ஈரானில் கராஜ், சீனாவில் யுன்செங். மொத்தம் 1867 பேர். சீட்டுக் குலுக்கிப் போடுவது போல, யார் எந்தப் பக்கம் என்பதை யாருடைய விருப்பமும் தீர்மானிக்காதபடி இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். 945 பேருக்கு அந்தந்த மருத்துவமனையில் வழக்கமாக என்ன செய்வார்களோ அது மட்டும். 922 பேருக்கு அதோடு கூடுதலாக ஒன்று.

அந்தக் கூடுதல் மிக எளிமையானது. வீட்டுக்குப் போகும் நேரம் நெருங்கும்போது ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து பேசுவது. இந்த நிலைமை மனவேதனையாலும் வாழ்க்கை நெருக்கடியாலும் வருவது, மறுபடியும் வரலாம், அப்போது வேறு வழி என்ன, எங்கே போகலாம், யாரைப் பார்க்கலாம் என்றெல்லாம். அப்புறம் 18 மாதத்தில் ஒன்பது முறை தொடர்பு: 1, 2, 4, 7, 11-ஆவது வாரங்களில், பிறகு 4, 6, 12, 18-ஆவது மாதங்களில். தொலைபேசியிலோ நேரிலோ. பேசுபவர் மருத்துவராகவோ செவிலியராகவோ உளவியலாளராகவோ இருக்கலாம். மாத்திரை இல்லை, கருவி இல்லை.

முடிவு 2008-இல் அந்த நிறுவனத்தின் மருத்துவ இதழில் வெளியானது. கட்டுரையாளர் வரிசையில் முதல் பெயர் அலெக்சாண்ட்ரா ஃப்ளைஷ்மன். சென்னைப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் லட்சுமி விஜயகுமார். சென்னையில் 1986-இல் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கியவர் அவர்தான். 18-ஆவது மாதத்தில் கூடுதல் தொடர்பு கிடைத்தவர்களில் 872 பேரின் நிலைமை தெரிந்தது. அவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் இரண்டு பேர். வழக்கமான சிகிச்சைக் குழுவில் 827 பேரின் நிலைமை தெரிந்தது. தற்கொலையால் இறந்தவர்கள் 18 பேர். விழுக்காட்டில் சொன்னால் 0.2-க்கு எதிராக 2.2.

இந்த இரண்டு எண்களைச் சொன்னதும் எங்கள் குழுக் கூட்டத்தில் சில நொடி யாரும் பேசமாட்டார்கள். பிறகு யாராவது ஒருவர் மெதுவாகக் கேட்பார்: "அந்த 18 பேருக்கும் போன் பண்ணியிருக்கலாமே?"

அந்தக் கேள்வி நியாயமானது. பதில்தான் அவ்வளவு எளிதில்லை. அதற்கு முன்னால் இன்னும் இரண்டு மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

ஒரே படிவம், இரண்டு சட்டம்

ஒரே ஆய்வு. சென்னையிலும் கொழும்பிலும் ஒரே கேள்வித்தாள். ஆனால் கொழும்பில் தற்கொலை முயற்சி குற்றமில்லை. இலங்கை அந்தச் சட்டப் பிரிவை 1998-இலேயே நீக்கிவிட்டது. சென்னையில் அது குற்றம். இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 1994-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்றது. 1996-இல் அதே நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு செல்லும் என்று திருப்பிவிட்டது. ஆக, ஆய்வு நடந்த வருடங்கள் முழுக்க, "சாக வேண்டும் என்று நினைத்துத்தான் செய்தீர்களா?" என்ற கேள்விக்குச் சென்னை நோயாளி ஒருவர் "ஆமாம்" என்று சொன்னால், அவர் ஒரு குற்றத்தை ஒத்துக்கொள்கிறார் என்று அர்த்தம். அதையும் ஒருவர் பேனாவால் எழுதிக்கொள்கிறார்.

வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். விஷம் என்று வந்தாலே ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போடுவார்கள், புறக்காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். அதற்குப் பயந்துதான் அந்த "வயித்துவலி". குடும்பத்தார் சேர்ந்து ஒரே கதையை முடிவு செய்துகொண்டு வருவார்கள். செய்தித்தாளில்கூடப் பல காலமாக அதே வயிற்றுவலிதான் அச்சாகிறது. நான் வெள்ளைக் கோட்டுப் போடாமல் நோட்டுப் புத்தகத்தோடு கட்டிலருகில் போய் நின்றால், "நீங்க போலீஸாம்மா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

இந்த நிலையில் ரகசியம் காப்போம் என்று ஆய்வாளர் வாக்குக் கொடுக்கிறார். கொடுக்க முடிந்த வாக்குதானா அது? நோட்டுப் புத்தகத்தில் பெயருக்குப் பதில் எண் எழுதலாம், பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியலை வேறு பீரோவில் பூட்டலாம். ஆனால் போலீஸோ நீதிமன்றமோ கேட்டால் என்ன செய்வோம் என்பதைப் படிவத்திலேயே எழுதியாக வேண்டும். "உங்கள் தகவல் முழு ரகசியமாக இருக்கும்" என்று ஒரே வரியில் முடிக்கும் திட்டங்களை எங்கள் குழு திருப்பி அனுப்பும். அந்த வரி உண்மையில்லை.

இப்போது சட்டம் மாறிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். மாறியிருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 29-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-இல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309-ஆவது பிரிவே இல்லை. ஆனால் கட்டிலில் படுத்திருப்பவருக்கு இது தெரிந்தால்தானே! ஏ.ஆர். பதிவு இன்னும் நடக்கிறது, காவலர் இன்னும் வந்து வாக்குமூலம் கேட்கிறார். சட்டப் புத்தகத்திலிருந்து போன பயம் வார்டிலிருந்து போக இன்னும் பல வருடம் ஆகும். அந்தப் பயம் இருக்கிற வரைக்கும் ஒப்புதல் என்பது பாதி ஒப்புதல்தான்.

பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் விஷயத்தில் சிக்கல் இன்னும் கூடுகிறது. 16 வயதுப் பெண் ஒருத்தி காதல் விவகாரத்தால்தான் இப்படிச் செய்தேன் என்று ஆய்வாளரிடம் சொன்னால், சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அந்தத் தகவலைக் காவல்துறைக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் வரலாம். பெற்றோருக்குத் தெரியக் கூடாது என்றுதான் அவள் சொல்லியிருப்பாள். பெற்றோர் கையெழுத்து இல்லாமல் அவளை ஆய்வில் சேர்க்கவும் முடியாது. இதற்குச் சுத்தமான விடை என்னிடம் இல்லை. எதைச் சொன்னால் எங்கே போகும் என்பதைக் கேள்விக்கு முன்னாலேயே அவளிடம் சொல்லிவிடுவது ஒன்றுதான் நேர்மை. அப்படிச் சொன்னால் பலர் வாயைத் திறக்கமாட்டார்கள், தரவு குறையும். குறையட்டும்.

எப்போது கேட்பது

பூச்சிமருந்து விஷத்துக்கு அட்ரோபின் கொடுக்கும்போது பார்த்திருக்கிறீர்களா? மருந்து கூடிவிட்டால் நோயாளிக்குக் கண்மணி விரிந்து, வாய் வறண்டு, பேச்சு குழறும். காற்றில் இல்லாத எதையோ எட்டிப் பிடிப்பார். போர்வையின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டே இருப்பார். கையைக் கட்டிலோடு துணியால் கட்டி வைத்திருப்பார்கள். அவரிடம் கையெழுத்து வாங்கினால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை.

ஆனால் இதிலிருந்து தாவி, தற்கொலை எண்ணம் உள்ள யாருமே முடிவெடுக்கும் தெளிவில் இல்லை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. உயிர் வேண்டாம் என்று நேற்றிரவு நினைத்த ஒருவர், இன்று காலை தன் பிள்ளையை யார் பள்ளிக்கு அனுப்பினார்கள் என்று விசாரிக்கிறார், கடன்காரன் வந்தானா என்று கேட்கிறார், பக்கத்துக் கட்டில் பாட்டிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கச் சொல்கிறார். அவருக்குப் புரியும். புரிந்ததா என்று பார்க்கவும் வழி இருக்கிறது: "நான் இப்ப சொன்னதை உங்க வார்த்தையில ஒருதரம் சொல்லுங்க." சொன்னால் மேலே போகலாம். சொல்லவில்லை என்றால் நாளைக்கு வரலாம்.

ஐந்து ஊர் ஆய்வில் எனக்குப் பிடித்த ஏற்பாடு, அந்த ஒரு மணி நேரப் பேச்சை வீட்டுக்குப் போகும் நேரத்துக்கு அருகில் வைத்தது. உடம்பு தேறியிருக்கும், தலை தெளிந்திருக்கும். ஆனால் அதே நேரத்தில்தான் இன்னொரு தொல்லையும் வருகிறது. வீட்டுக்குப் போகும் சீட்டு கைக்கு வர வேண்டிய நேரத்தில் இன்னொரு தாளை நீட்டினால், இரண்டும் ஒன்றுதான் என்றுதான் யாருக்கும் தோன்றும். என்னிடம் அந்தப் பெண் கேட்டது அதைத்தான். டிஸ்சார்ஜ் எழுதுபவரும் ஆய்வுக்கு ஒப்புதல் கேட்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது, முடிந்தால் ஒரே மேசையாகக்கூட இருக்கக் கூடாது என்று நாங்கள் கேட்பது அதனால்தான். குடும்பத்தாரைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்ப வேண்டும். எங்கள் ஊர் வார்டில் அதற்கென்று தனி அறை கிடையாது. நான் எக்ஸ்ரே எடுக்கப் போகும் வழியில், தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே பேசியிருக்கிறேன்.

முன்கூட்டி ஒப்புதல் கேட்காமல் ஆய்வு நடத்திய இடங்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரத்தில் விஷம் அருந்திய 772 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2005-இல் வெளியானது. ஒரு குழுவுக்கு 12 மாதத்தில் எட்டு அஞ்சலட்டை அனுப்பினார்கள். நலம் விசாரிக்கும் சில வரி, அவ்வளவுதான். முதலில் பிரித்துவிட்டு அப்புறம் ஒப்புதல் பற்றி யோசிக்கும் வகை ஆய்வு அது. அட்டை வராதவர்களுக்குத் தாங்கள் ஒரு சோதனையின் மறுபாதி என்பது தெரியாது. "ஒப்பிட்டுப் பார்க்கிறோம், உங்களுக்கு அட்டை வராது" என்று சொன்னால் அதுவே அவர்களை வாட்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். காரணம் புரிகிறது. ஆனாலும் நம் ஊரில் இதை நான் ஏற்கமாட்டேன். ஏற்கெனவே எல்லாரும் தன்னைக் கேட்காமலே தனக்காக முடிவெடுக்கிறார்கள் என்ற வேதனையில் விழுந்தவர் பலர். அவருக்குத் தெரியாமல் இன்னொரு முடிவை நாமும் எடுக்கக் கூடாது.

கேட்பதே ஆபத்தா

எங்கள் குழுவிலும் ஒருவர் சொன்னார்: "இதையெல்லாம் கேட்டு ஞாபகப்படுத்தினா, இல்லாத எண்ணமும் வந்துடாதா?" அக்கறையில் பிறந்த கேள்விதான். ஆனால் ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2342 மாணவர்களிடம் இதைச் சோதித்து 2005-இல் வெளியிட்டார்கள். தற்கொலை பற்றிக் கேட்கப்பட்ட மாணவர்களுக்குக் கேட்கப்படாதவர்களைவிட மனவேதனையோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. 2014-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த மதிப்பாய்வும் அதையே சொன்னது. வார்டில் நான் கண்டதும் அதுதான். கேட்டவுடன் அழுவார்கள். அழுது முடித்து, "யாரும் இதுவரைக்கும் கேக்கலைக்கா" என்பார்கள்.

கேட்பது ஆபத்தில்லை. கேட்டுவிட்டு எழுந்து போவதுதான் ஆபத்து. ஒரு திட்டத்தில் தற்கொலை எண்ணம் பற்றி ஒரு கேள்வி இருந்தால், அதற்கு "ஆமாம், இன்றைக்கும் தோன்றுகிறது" என்று பதில் வந்தால் அடுத்த பத்து நிமிடத்தில் யார் என்ன செய்வார் என்பதும் அதே திட்டத்தில் இருக்க வேண்டும். தரவு சேகரிக்கப் போகும் இருபத்திரண்டு வயது முதுகலை மாணவரிடம் அந்தப் பதில் வரும். அவர் கையில் ஒரு மருத்துவரின் பெயரும் அந்த நேரத்தில் எடுக்கப்படும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். உதவி எண்களும் இருக்கின்றன: தமிழ்நாட்டில் 104, நாடு முழுவதற்குமான மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, சிநேகாவின் 044-24640050, இலங்கையில் 1926. இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது இன்று அப்படித் தோன்றினால், இவற்றில் ஒன்றை இப்போதே அழைத்துப் பேசுங்கள். ஆய்வைப் பற்றி எழுதும் இடம்தான் என்றாலும் உண்மையாகவே சொல்கிறேன்.

"ஆமாம்" என்ற அந்தப் பதிலுக்குப் பயந்து ஒதுங்குவது வேறு வகைத் தவறு. மனச்சோர்வு மருந்துகளின் சோதனைகளில் பல காலமாகத் தற்கொலை எண்ணம் உள்ளவர்களைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. பாதுகாப்புக்காக என்று சொல்வார்கள். பிறகு அதே மருந்தை அதே மக்களுக்கு எழுதிக் கொடுப்பார்கள். யாரிடம் சோதிக்கவில்லையோ அவர்களிடமே அது போய்ச் சேர்கிறது.

துணிந்து சேர்த்தவர்களும் இருக்கிறார்கள். தற்கொலை ஆபத்து அதிகமுள்ள மனச்சிதைவு நோயாளிகள் 980 பேரை இரண்டு வருடம் பின்தொடர்ந்து, க்ளோசபின், ஒலன்சபின் என்ற இரண்டு மருந்துகளை ஒப்பிட்ட ஆய்வு 2003-இல் வெளியானது. அதில் மருந்தில்லாத வெறும் மாத்திரை யாருக்கும் இல்லை. இரு பக்கமும் மருந்து. ஆபத்து தெரிந்தால் மருத்துவர் உடனே நோயாளியை மருத்துவமனையில் சேர்க்கலாம். அப்படிச் சேர்த்ததும் ஆய்வின் ஒரு முடிவாகவே கணக்கில் வரும். கணக்குக்காக ஒருவர் முயற்சி செய்யும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. காப்பாற்றுவதும் தரவாகிறது. இவ்வளவு பரிவான கணக்கு வடிவத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்த 945 பேர்

சரி, அந்த 18 பேருக்கும் போன் பண்ணியிருக்கலாமே என்ற கேள்விக்கு இப்போது வருவோம்.

ஆய்வாளர்கள் பக்கம் நின்று முதலில் சொல்கிறேன். 2002-இல் இது பலிக்கும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு முன்னோடி ஆய்வு நடந்திருந்தது. மேற்கொண்டு சிகிச்சை வேண்டாம் என்று சொன்ன 843 பேரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஐந்து வருடம், ஆண்டுக்குக் குறைந்தது நான்கு முறை, எதையும் எதிர்பார்க்காத சிறு கடிதம் போனது. கடிதம் போனவர்களிடம் முதல் இரண்டு ஆண்டில் தற்கொலை குறைந்திருந்தது. அந்த முடிவு 2001-இல்தான் விரிவாக வந்தது. பணக்கார நாட்டில், நிலையான முகவரி உள்ளவர்களிடம், அஞ்சலில் செய்தது அது. சென்னையிலோ யுன்செங்கிலோ வீடு தேடிப் போய் நின்றால் நல்லது நடக்குமா, அக்கம்பக்கம் கூடி "யார் வந்தது, எதுக்கு வந்தது" என்று மானம் போய் இன்னும் மோசமாகுமா என்பது நிஜமான சந்தேகம்.

நல்லதாகத் தெரிவதெல்லாம் நல்லது செய்வதில்லை என்பதற்கு 2022-இல் இன்னொரு சாட்சி வந்தது. அமெரிக்காவில் தற்கொலை எண்ணம் உள்ள ஏறத்தாழ 19,000 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு. உணர்ச்சிகளைக் கையாளும் திறன்களை இணையத்தில் கற்றுக்கொடுத்த குழுவில், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது வழக்கமான சிகிச்சைக் குழுவைவிடக் கூடுதலாக இருந்தது. ஒப்பிடக் குழு இல்லாமலிருந்தால் அந்தப் பயிற்சியை நாம் எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டே இருந்திருப்போம். ஆகவே ஒப்பீட்டுக் குழு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. "வழக்கமான சிகிச்சை" என்ற சொல்லைப் பாருங்கள். பணக்கார நாடுகளில் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு. மனநல மருத்துவர் பார்ப்பார், மறுபடி வரச் சொல்லித் தேதி எழுதிக் கொடுப்பார். நம் பக்கத்தில் அந்தக் காலத்தில் பெரும்பாலும் விஷத்தை எடுப்பது, உடம்பைத் தேற்றுவது, அனுப்பிவிடுவது. அதாவது ஒன்றுமில்லாததற்கு ஒரு மரியாதையான பெயர். ஒன்றுமில்லாத ஊரில் ஆய்வு நடத்தினால் ஒப்பீடு தெளிவாக வருகிறது. அதே காரணத்தால் ஒப்பீட்டுக் குழுவில் இருப்பவர் இழப்பதும் அதிகம். வறுமை ஆய்வுக்கு வசதியாகிவிடக் கூடாது.

இன்னொன்று. ஆய்வில் சேராமல் வீட்டுக்குப் போன ஒருவருக்கும், ஆய்வில் சேர்ந்து ஒப்பீட்டுக் குழுவில் விழுந்த ஒருவருக்கும் கிடைத்த சிகிச்சை ஒன்றுதான். ஆனால் இரண்டாமவரிடம் நாம் பேசியிருக்கிறோம். அவருடைய கதையைக் கேட்டு எழுதியிருக்கிறோம். அவர் முதல்முறையாக ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம், வழக்கமாக மருத்துவமனை என்ன செய்யுமோ அதற்கு மேல் ஒன்பது அழைப்பில் ஒன்றுகூட அவருக்கு இல்லை. வழிப்போக்கருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோமோ இல்லையோ, நம்மிடம் மனம் திறந்தவருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

எண்களிலும் இதன் நிழல் தெரிகிறது. கூடுதல் தொடர்பு பெற்றவர்களில் 18-ஆவது மாதத்தில் நிலைமை தெரியாமல் விட்டுப்போனவர்கள் 50 பேர். ஒப்பீட்டுக் குழுவில் 118 பேர். அந்த 118 பேர் எங்கே? வீடு மாறியிருக்கலாம், வேலைக்கு வேறு ஊர் போயிருக்கலாம், பேசப் பிடிக்காமல் கதவைச் சாத்தியிருக்கலாம். இறந்தும் இருக்கலாம். அறச் சிக்கல் இங்கே கணக்குச் சிக்கலாகவும் ஆகிறது: யாரோடு தொடர்பு வைத்தார்களோ அவர்களைப் பற்றித்தான் நன்றாகத் தெரியும்.

முடிவை மிகைப்படுத்தவும் கூடாது. மறுபடி முயல்வது இரண்டு குழுவிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது, 7.6 விழுக்காடும் 7.5 விழுக்காடும், ஊருக்கு ஊர் வேறுபட்டது. பிரெஞ்சு பாலினேசியாவில் இதே முறையைச் செய்து பார்த்தபோது தெளிவான வித்தியாசம் வரவில்லை. ஐந்து ஊரிலும் சேர்த்து இருபது மரணத்தை வைத்துச் சொல்லும் முடிவு இது. அதனால்தான் அடுத்த ஆய்வுகளும் தேவைப்படுகின்றன. அந்த ஆய்வுகள் எங்களைப் போன்ற குழுக்களின் மேசைக்கு வருகின்றன.

தொலைபேசியின் மறுமுனை

ஒன்பது முறை அழைப்பவரைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு வரிக்கு மேல் இருக்காது. ஏழாவது வாரம் அழைக்கிறார். மாமனாரோ தங்கையோ எடுக்கிறார். "அவ போயி இருவது நாளாச்சுங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்கிறார். அழைத்தவர் படிவத்தில் தேதி எழுத வேண்டும், காரணம் எழுத வேண்டும். எதிர்முனையில் அழுகை. அந்த நிமிடத்தில் அவர் ஆய்வாளரா, துக்கத்துக்கு வந்தவரா? துக்கத்துக்கு வந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பேன். படிவம் அடுத்த மாதம் வரை காத்திருக்கும். அவருக்கும் பேச ஒரு ஆள் வேண்டும். அந்தச் செலவைத் திட்ட வரவு செலவில் எழுதாதவர்களை நாங்கள் கேட்டு எழுத வைக்கிறோம். நானே அப்படி ஒரு செய்தி கேட்ட நாளில் பேருந்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

நேரில் போவதிலும் கவனம் வேண்டும். மருத்துவமனை வண்டி தெருவில் நின்றாலே போதும், கதை பரவிவிடும். எந்த எண்ணில் அழைக்கலாம், யார் எடுத்தால் என்ன பெயர் சொல்ல வேண்டும், வீட்டுக்கு வரலாமா, கோயில் வாசலில் பார்க்கலாமா என்பதை அவரிடமே வார்டில் கேட்டு எழுதிக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். ஒருவர் என்னிடம், "டெய்லர் கடையில இருந்து பேசுறேன்னு சொல்லுங்க, எனக்குப் புரிஞ்சுடும்" என்றார்.

இப்போது என்ன கேட்கிறோம்

தற்கொலைக்கு முயன்றவர்களோடு தொடர்ந்து தொடர்பு வைத்திருங்கள் என்று உலக சுகாதார நிறுவனமே தன் வழிகாட்டுதல்களில் சொல்கிறது. 2022 நவம்பரில் வெளியான இந்தியாவின் தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி, 2030-க்குள் தற்கொலை மரணங்களைப் பத்து விழுக்காடு குறைப்போம் என்கிறது. ஐந்து ஊர் ஆய்வுக்கு முன்னால் ஒப்பீட்டுக் குழுவுக்கு ஒன்றும் செய்யாமல் விட்டதற்கு ஒரு நியாயம் இருந்தது. அந்த ஆய்வு முடிந்த பிறகு அதே நியாயத்தைச் சொல்ல முடியாது. இன்று ஒரு திட்டம் "ஒப்பீட்டுக் குழு: வழக்கமான சிகிச்சை" என்று எழுதிக்கொண்டு வந்தால், அந்த மருத்துவமனையில் வழக்கம் என்றால் என்ன, யார் பார்க்கிறார், எத்தனை நிமிடம் என்று கேட்கிறோம். பதில் "ஒன்றுமில்லை" என்றால், ஒப்பீட்டுக் குழுவுக்கும் அந்த ஒரு மணி நேரப் பேச்சும் முதல் மாத அழைப்புகளும் வேண்டும், புதிதாகச் சோதிப்பது அதற்கு மேல் இருக்கட்டும் என்கிறோம்.

புள்ளியியல் தெரிந்த உறுப்பினர் ஒருவர் இதை ஒவ்வொரு முறையும் எதிர்ப்பார். அவர் சொல்வது சரிதான். இரண்டு பக்கமும் நல்ல கவனிப்பு இருந்தால் வித்தியாசம் சிறிதாகிவிடும். சிறிய வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க 1867 பேர் போதாது, பல மடங்கு பேர் வேண்டும். பணம் கூடும், வருடம் கூடும், சில கேள்விகளுக்கு விடையே வராமல் போகலாம். போன கூட்டத்தில் இதைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினோம். கடைசியில் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். முதல் மாத அழைப்பு எல்லாருக்கும் வேண்டும் என்ற பக்கம் கை தூக்கினேன். ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் அது நிறைவேறியது. திட்டத்தை எழுதியவர் இப்போது அதைத் திருத்திக்கொண்டிருக்கிறார்.